நத்தை வீட்டில் வாலுள்ள குடித்தனக்காரர்கள்

1

இந்தக் கதை என் அக்கா கொடுத்தது. அவள் நத்தை ஆய்வாளர். ஒரு நாள் என் தலையை மைக்ரோஸ்கோப்பில் அமுக்கி, "பாருடா" என்றாள். ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீர். அதற்குள் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு கூட்டம்! தட்டைப்புழுவின் குஞ்சுகள். நத்தைக்குள் வாடகை தராமல் குடியிருந்து, அதையே தின்று பெருகி, வெளிச்சம் பட்டதும் வெளியே நீந்தி, குளிப்பவர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

"குளம் அமைதியாக இருந்தது, ஆனால் அதன் ஆழத்தில்..."

சே! (எந்தக் குளம் கத்திக்கொண்டிருக்கிறது?) மறுபடியும்:

பிள்ளைகளின் நீச்சல் போட்டியன்று காலை, குளத்து அதிகாரி ஆய்வகத்துக்கு வந்தார். புழுவைக் கண்ணால் பார்த்தால்தான் போட்டியை நிறுத்துவாராம். என் கதாநாயகி (அக்காவேதான், கோபம் மட்டும் குறைவு) அந்தக் குளத்திலிருந்து பாட்டிலில் அடைத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்துக் கொண்டுவந்த நத்தைகளை வேறு தண்ணீரில் போட்டு விளக்கைப் போட்டாள். உடனே புழுக்கள் வந்தன.

படித்த அக்கா சிரித்தாள். "கருப்புத் துணி சுத்தாம வெயில்லயா கொண்டு வந்தா? எல்லாம் வழியிலயே வெளிய வந்துருக்கும்டா. இனி விளக்குல என்ன வரும்?"

ஆஹா! என் தப்பை அப்படியே கதாநாயகியின் தலையில் கட்டினேன். கதை ஓட ஆரம்பித்தது.

3

விளக்கடியில் ஒன்றும் வரவில்லை. அதிகாரி வாசல் வரை போய்விட்டார். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சார், நில்லுங்க! நத்தை வந்த பாட்டில் தண்ணியப் பாக்கணும்!"

[இங்கே அவரை வில்லனாக்கியிருந்தேன். "வேணாம்டா, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல" என்றாள் அக்கா. சரி, ஒரு மகளைக் கொடுத்தேன். முதல் போட்டியிலேயே நீந்துகிறாள்.]

அவர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். "ஐயோ, இவ்வளவா!"

4

முடிவு ஒன்று: அலுவலகத்துக்குப் போன் போட்டுப் போட்டியை நிறுத்துகிறார். மேலிடம் அவரைத் தூக்கியடிக்கிறது.

முடிவு இரண்டு: வீட்டுக்கு மட்டும் பேசுகிறார். "பாப்பாவத் தண்ணியில இறக்காதே. ஏன்னு கேக்காதே." பிறகு கதாநாயகி பக்கம் திரும்பி, "போட்டி நடக்கட்டும்" என்கிறார்.

அக்கா இதை இரண்டு முறை படித்தாள். பிறகு பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "அது உன் பொண்ணா இருந்தா, நீ யாருக்குடா முதல்ல போன் போடுவே?"

 போன் இன்னும் அதிகாரி கையில்தான் இருக்கிறது. உங்களுக்குப் பதில் தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், பிள்ளைகள் கரையில் வரிசையாக நின்றுவிட்டார்கள்.