திருடன் யாரென்று சொல்லாதே

தையற்காரருக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பைக்கை ஓட்டிவந்த மச்சினனுக்கு முழங்கையில் லேசான சிராய்ப்பு. அந்த உறுத்தலில் அவன் தினமும் ஆஸ்பத்திரிக்குப் புத்தகமும் கையுமாக வந்தான்.

மச்சினனுக்கு நூலகத்தில் உத்தியோகம். 'மூக்குநீட்டி' என்ற துப்பறியும் வரிசையைச் சிபாரிசு செய்தான்.

"கொலை கிடையாது மாமா, ரத்தம் கிடையாது. எட்டாங்கிளாஸ் பொண்ணு, சைக்கிள்லயே போய்க் கண்டுபிடிச்சுடுவா. உங்க நிலைமைக்கு இதமா இருக்கும்."

இதமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு புத்தகத்தை யார் தலையிலாவது கட்டுவதென்றால், கதையைச் சொல்ல ஆரம்பித்து, சூடு பிடித்த வேகத்தில் முடிவையும் போட்டு உடைத்துவிடுவது அவன் தொழில்முறை. அவன் சிபாரிசு செய்தவையெல்லாம் நூலகத்தில் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன.

"ஸ்கூல் மணியைத் தூக்கினது யாருன்னு நெனைக்கிறீங்க? பி.டி. வாத்தியார்! படிச்சுப் பாருங்க, அசந்துடுவீங்க."

தையற்காரர் கண்ணை உருட்டி உறுமினார்.

"அக்கா, மாமா மூஞ்சில ஆர்வத்தைப் பாரு!"

"அவர் மூஞ்சியே அப்படித்தான்டா," என்றாள் அக்கா.

கோப்பைத் திருடன், கேக் திருடன் எல்லாரும் இப்படியே கட்டிலோரம் பிடிபட்டார்கள். வாய் திறந்ததும் ஒரே ஒரு முடிவையாவது இவன் முகத்தில் வீசியெறிய வேண்டும். அதுவரை சாகக்கூடாது என்று தையற்காரர் கஞ்சியை உறிஞ்சி உயிர் வளர்த்தார்.

கடைசிப் பாகம் அச்சிலிருந்து சுடச்சுட வந்தது. மச்சினனே இன்னும் படிக்கவில்லை. "முதல்ல நீங்க படிங்க மாமா," என்று பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டுப் போனான். நர்ஸ் பக்கம் புரட்ட, தையற்காரர் ஒரு வரி விடாமல் படித்தார்.

கம்பியைக் கழற்றிய அன்று மச்சினன் ஓடி வந்தான்.

"சொல்லிடாதீங்க மாமா! தூக்கமே வரலை எனக்கு."

தாடை விண்ணென்று வலித்தது. "தபால்காரன்," என்றார் தையற்காரர். எதற்கும் இருக்கட்டும் என்று, "அவன் பொண்டாட்டியும் கூட்டு," என்றார்.

மச்சினன் முகம் தொங்கிப்போனது. விபத்துக்குப் பிறகு தையற்காரருக்கு வயிறு நிறைந்தது அன்றைக்குத்தான்.

"நான் என்ன மாமா துரோகம் பண்ணேன் உங்களுக்கு?"

"முடிவைச் சொன்னா எப்படி எரியும்னு இப்பத் தெரியுதா?"

"நானா சொல்றவன்? ஒரு முடிவைச் சொல்லாம இத்தனை நாளா நான் படற பாடு அக்காவுக்குத்தான் தெரியும்!"

அக்கா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன முடிவு?"

"உங்க வலது கை. கட்டைப் பிரிச்சாலும் விரல் மடங்காதாம். இனிமே கத்திரி பிடிக்க முடியாது. ஆபரேஷன் அன்னிக்கே டாக்டர் சொல்லிட்டாரு."

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தான். ஆனாலும் கதையைப் பாதியில் விட்டு அவனுக்குப் பழக்கமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த நரம்பு எங்கே அறுந்திருந்தது, டாக்டர் எப்படித் தலையை ஆட்டினார், தையல் மிஷின்களை அக்கா யாருக்குப் பேசி முடித்திருக்கிறாள் என்று ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தான்.