சுருக்கு விழாத பாவாடை

பார்சல் ஆபீசில் பெட்டி கட்டுகிறவளுக்குத் தையல் மெஷினோடு என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும். கணவனின் முதல் தாரத்து மகள் அன்று சாயங்காலம் பள்ளி மேடையில் ஆட வேண்டும். அதற்கு நீலப் பாவாடை வேண்டும். கடையில் வாங்கிவிடலாம் என்றான் கணவன். "நானே தைச்சுத் தரேன்" என்று இவள் வாய் முந்திக்கொண்டது. அதுவரை ஒரு தலையணை உறைகூடத் தைத்ததில்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது ஊரறிந்த ரகசியம். அந்தப் பிள்ளை அவளிடம் முகம் சுளித்ததே கிடையாது. போட்டதைச் சாப்பிடும், கேட்டதற்குப் பதில் சொல்லும். ஆனால் எல்லாம் "நீங்க, வாங்க, சொல்லுங்க". அப்பாவை "நீ, வா, போ" என்று விரட்டுகிற அதே வாய், இவளிடம் மட்டும் பேங்க் கவுன்டரில் நிற்பதுபோல் மரியாதை பேசும். கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் அந்த 'ங்க' உதிரவில்லை.

காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. எதிர்வீட்டு இரவல் மெஷினை வைத்துக்கொண்டு, போனில் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். சுலபமான வேலைதான். இடுப்பைப்போல் இரண்டு மடங்கு அகலத்தில் துணி. மேல் ஓரத்தில் பெரிய பெரிய தையலாக ஓர் ஓட்டு. பிறகு ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் துணி சுருங்கி இடுப்பளவுக்கு வந்துவிடும், மேலே பட்டி வைக்கலாம். தைத்தாள், எழுந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், வந்து நூலை இழுத்தாள்.

துணி அசையவில்லை. பலமாக இழுத்தாள். நூல் படக்கென்று அறுந்தது. பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி இழுத்தாள். மறுபடியும் படக். இதுகூடத் தெரியாதவள் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் 'நீங்க'தான் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

தலையை வாரிக்கொண்டே வந்த மகள் துணியைத் தூக்கி ஓரத்தைப் பார்த்தாள்.

"இது என்ன, ரெண்டு முனையிலயும் முடிச்சு?"

"அவுந்துடக் கூடாதுன்னு... முன்னும் பின்னும் நாலு தையல் ஓட்டி, மேல ஒரு முடிச்சும் போட்டேன்."

பெட்டி கட்டிப் பழகிய கை. முனையைக் கெட்டி பண்ணாமல் அது எதையும் விட்டதில்லை.

"அய்யோ! முனையைக் கட்டிட்டா நூல் எப்படி ஓடும்? வீடியோல அந்தக்கா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்களே, முனைய விட்டுடுங்கன்னு! உனக்குக் காது கேக்காதா? நீ என்ன இதையும் பார்சல்னு நெனச்சியா?"

"ஏய்! யாரப் பாத்து 'நீ'ங்கற?" உள்ளேயிருந்து அதட்டினான் கணவன். "மரியாதையா பேசு!"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் திறப்பது தெரிந்தது. ஒரு வருஷமாகக் காத்திருந்து கிடைத்ததை இந்த மனுஷன் ஒரே அதட்டலில் கெடுத்துவிடுவான் போலிருந்தது. இவளுக்கு வந்ததே கோபம்.

"நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருக்கீங்களா!"

இவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. எந்த நூல இழுக்கணும்?"

மகள் சீப்பைத் தலையிலேயே செருகிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடியில இருக்கே, அது," என்றாள். "மொதல்ல நீ கைய எடு."