கெட்டிக்காரக் காது

பட்டறையில் அவருக்கு 'ஸ்டெதஸ்கோப்' என்று பெயர். ஓடுகிற என்ஜின்மேல் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியை வலது காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். ரெண்டாவது சிலிண்டரில் வால்வு தட்டுகிறது என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவேதான். இடது காது சின்ன வயதுக் காய்ச்சலிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு காதிலும் ஜவ்வு கிழிந்து, பல வருடங்களுக்கு முன் ஆபரேஷன் செய்து ஒட்டியிருந்தார்கள்.

வருடா வருடம் வந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். கொஞ்ச காலம் போனார், அப்புறம் விட்டுவிட்டார். என்ஜின் சத்தம் முன்னைவிடக் கணீரென்று கேட்கும்போது எந்த மடையன் ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்காருவான்? ஒட்டுப்போட்ட காதுதான் கெட்டிக்காரக் காது என்று மார்தட்டிக்கொண்டார்.

வீட்டில் மட்டும் மனைவியின் பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள் என்று எரிந்து விழுந்தார். உரக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறாள் என்றார். காதைக் காட்டச் சொன்னதற்கு, ஊரே என் காதை நம்பி வண்டி ஓட்டுகிறது என்றார். அவளுக்கு வெறுத்துப்போயிற்று. தட்டை வைப்பாள், எடுப்பாள், பேச்சில்லை.

காதில் சீழ் வடிந்து, தலை சுற்றிப் பட்டறையிலேயே விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனார். பழைய ஆபரேஷனின்போது உள்ளே சிக்கிக்கொண்ட துளித் தோல், காதுக் குழாயில் கட்டியாக வளர்ந்து, வழியை அடைத்து, எலும்பை அரித்து உள்காதுவரை போயிருந்தது. எடுக்காவிட்டால் மூளைக்குப் பரவும். எடுத்தால் அந்தக் காதும் கேட்காது.

"எனக்கு நல்லாத்தானே கேட்டுச்சு, சார்?"

டாக்டர் குனிந்து காதோரம் உரக்கச் சொன்னார். "குழாய் அடைச்சிருந்தா, எலும்பு வழியா வர்ற சத்தம் தூக்கலாத்தான் கேக்கும். அதுதான் உங்கள ஏமாத்திடுச்சு."

ஆபரேஷனுக்குப் புறப்பட்ட காலையில் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து மனைவியிடம் நீட்டினார். கைப்பிடியைத் தன் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு, இரும்பை அவள் தாடையில் வைத்துப் பேசச் சொன்னார். என்ன பேசுவதென்று தெரியாமல் அவள், சமையலறைக் குழாய் ஒழுகுவதையும் பால் புளித்ததையும் சொன்னாள். அத்தனையும் தெளிவாகக் கேட்டது. அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கண்ட என்ஜினுக்கெல்லாம் வச்சேன். உனக்கு வைக்கணும்னு தோணலையே."

கட்டுப் பிரித்த அன்று அவளே அதை எடுத்துவந்தாள். கைப்பிடியை அவர் காதுக்குப் பின்னால் பதமாக வைத்து, இரும்பைத் தன் தாடையில் ஒட்டிக்கொண்டாள். பட்டறையில் செய்வதுபோலவே அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"ம், பேசு" என்றார்.

அவள் அப்போது பாதிப் பேச்சில் இருந்தாள்.