நசீறாவின் குசினிச் சுவருக்கு வயது போன கதை

எருக்கலம்பிட்டியில் நசீறாவின் குசினிச் சுவர் இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு மாசியில் அதற்கு நூற்றைம்பது வயது. கட்டிய மேசனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவனைக் கூட்டிவந்து காட்டியபோது சுவரைத் தட்டிப் பார்த்து, "இது என்ர வேலை இல்லை, என்ர பூட்டன்ர காலத்து வேலை" என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான்.

காரணம் பெற்றிசியா மிஸ்தான் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பேசாலைக்காரி, பல்கலைக்கழக விரிவுரையாளர். சனிக்கிழமைகளில் மன்னார் நகரத்தில் மரபுரிமைப் பாதுகாப்பும் தொல்பொருட் சட்டமும் படிப்பித்தார். நசீறா அந்த வகுப்பில் ஒருத்தி. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் புலிகள் இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொல்ல, சமைத்த சமையல் சமைத்தபடி கிடக்க, உம்மாவோடு வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போனவள் அவள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் மவுத்தாகும்வரை உம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "அடுப்பை அணைச்சனியோ, புள்ளை?" ஓம் என்று நசீறா பொய் சொன்னாள். இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தபோது வீடு இல்லை, அத்திவாரம் மட்டும் இருந்தது. அதன்மேல்தான் புது வீடு எழும்பியது. பழையதுக்கெல்லாம் சட்டம் இருக்கிறதென்றால் இழந்த காணிக்கும் இருக்குமாக்கும் என்று நம்பித்தான் வகுப்பில் சேர்ந்தாள்.

முதல் வகுப்பு முடிய எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வட்டிலப்பம் கொடுத்தாள். பெற்றிசியா சாப்பிட்டபடியே பாடத்தை முடித்து வைக்க ஒரு உதாரணம் தேடினார். குசினிச் சுவர் கண்ணில் பட்டது. "இந்தச் சுவர் ஒண்டுக்கும் உதவாது, சட்டம் இதைத் திரும்பியும் பாராது" என்றார். சுவருக்கும் காது உண்டு என்பதை அவர் வெறும் பழமொழி என்று நினைத்திருந்தார். படித்தவர்களுக்கு இந்தக் கேடு உண்டு.

அதற்குப் பிறகு பெற்றிசியா நகரத்தில் வாய் திறந்து படிப்பிக்கும் நேரமெல்லாம் இங்கே சுவருக்கு வயது ஏறியது. வகுப்பு முடிந்து நசீறா வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு தலைமுறை போயிருக்கும். சீமெந்துக் கல் கடலில் எடுத்த முருகைக்கல் ஆனது, பூச்சு சுண்ணாம்புச் சாந்து ஆனது, அகப்பை கொழுவிய ஆணி கொல்லன் அடித்த இரும்பாகித் தடித்தது. மின்விளக்கின் சுவிச் மட்டும் அப்படியே இருந்து வேலை செய்தது. அயலார் முதலில் வந்து பார்த்தார்கள். பிறகு வேலிக்கு வெளியே நின்று மீன் விலை கேட்பதுபோல இன்றைக்கு எத்தனை வயது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நசீறா மட்டும் விரல் மடக்கி ஆண்டைக் கணக்குப் பார்த்தாள், ஏனென்றால் அவள் பாடத்தைக் கவனமாகக் கேட்டவள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து மார்ச் இரண்டாம் தேதிக்கு முந்திய கட்டடம் என்றால் தொல்பொருள். பலகை வரும், கம்பிவேலி வரும், அதற்குப் பிறகு அடுப்பு மூட்டவும் கொழும்பைக் கேட்க வேண்டும். அவள் சொன்னபோது பெற்றிசியா, "ஈரம் பிடிச்சிருக்கும் அக்கா" என்று சிரித்தார்.

பங்குனி கழிந்து சித்திரையில் சுவர் அந்தத் தேதியைத் தாண்டியது. வகுப்பில் முதலாவதாக வரும் பஸ்ரியன், பேசாலையில் வள்ளம் வைத்திருப்பவன், அதை வந்து கண்டான். தொல்பொருளைக் கண்டவன் உடனே அறிவிக்க வேண்டும் என்று மூன்றாம் பாடத்தில் படித்திருந்தான். நல்ல மாணவன் அல்லவா, அறிவித்துவிட்டான். வியாழக்கிழமை அதிகாரி வருவதாகப் பதில் வந்தது.

அன்று காலையில்தான் பெற்றிசியா வயதேறிய சுவரை முதன்முதலாக வந்து கண்ணால் பார்த்தார். நோன்புக்கு முதல் வெள்ளை அடிப்பது ஊர் வழக்கம். நசீறா சுண்ணாம்பு வாளியோடு நின்றாள். வயதை மறைக்க அவளிடம் இருந்த வழியும் அதுதான். அடிக்காதேங்கோ, அடித்தால் குற்றம், மறியலில் போடுவார்கள் என்று பெற்றிசியா தடுத்தார். நசீறா வாளியை நிலத்தில் வைத்தாள்.

"அப்ப எங்களை வெளியேத்தத் துவக்கு வேண்டிக்கிடந்தது, மிஸ். நீங்கள் புத்தகத்தாலயே வெளியேத்தப் போறியளோ?"

பெற்றிசியாவுக்கு அழுகை வந்தது. அழுதார். அழுதுகொண்டே பையிலிருந்து பாடக்குறிப்பை எடுத்து, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள இதைவிட எனக்கு வழி தெரியாது என்று, கடைசிப் பாடத்தின் கடைசி வசனத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு வசனமாகச் சுவருக்கு முன்னால் வாசிக்கத் தொடங்கினார். சுவர் கேட்டது. ஆணி மெலிந்தது. செய்த பிழைக்குப் பஸ்ரியன் மன்னார்ப் பாலத்தடியில் காவல் நின்றான். பாதிப் பாடம் கிடக்கும்போதே, அதிகாரியின் ஜீப் பாலம் ஏறிவிட்டது என்று போன் எடுத்தான். பெற்றிசியா தண்ணீர் குடிக்கவும் நிற்கவில்லை. முருகைக்கல் சீமெந்துக் கல்லானது. ஜீப் பக்கத்து ஊரான தாராபுரத்தையும் தாண்டியது. முதல் பாடத்துக்கு வந்து சேர்ந்தபோது சுவரோரத்துக் காஸ் அடுப்பைக் காணவில்லை. அந்த இடத்தில் மண் அடுப்பு எரிந்தது. மேலே சோறு கொதித்தது, பக்கத்துச் சட்டியில் கணவாய்க் கறி.

நசீறா பெற்றிசியாவின் கையைப் பிடித்தாள்.

"போதும் மிஸ். நிப்பாட்டுங்கோ."

"இன்னும் ஒரு வசனம் கிடக்கு அக்கா. அதையும் வாசிச்சால்தான் உங்கட புதுச் சுவர் வரும்."

வட்டிலப்பம் சாப்பிட்டபடி அன்று இதே சுவரைப் பார்த்துச் சொன்ன வசனம் அது என்று இருவருக்கும் தெரியும்.

"அது கிடக்கட்டும். இது என்ர உம்மா வைச்ச உலை."

வாசலில் ஜீப் நின்றது. அதிகாரி சுவரைத் தட்டினார், சுரண்டினார், கண்ணாடி வைத்துப் பார்த்தார். மிஞ்சினால் முப்பது வருடம், இதில் சட்டத்துக்கு வேலையில்லை என்று பஸ்ரியனை ஏசினார். நசீறா அவரையும் இருத்திச் சோறு போட்டாள். நல்ல மனிதர், கணவாயை இரண்டாம்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். எல்லாரும் போன பிறகு நசீறாவும் சாப்பிட்டாள். பிறகு ஒரு செம்பு தண்ணீர் எடுத்து, கொள்ளிகளை இழுத்து, ஒவ்வொன்றாகத் தெளித்தாள்.

"அணைச்சிட்டன் உம்மா" என்றாள்.

பெற்றிசியா இன்றைக்கும் அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறார். எந்தச் சுவரையும் உதாரணத்துக்குக் காட்டுவதில்லை. நசீறாவின் சுவருக்கும் அதற்கு மேல் வயது போகவில்லை. அடுப்பு மட்டும் தினமும் நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு தானாக மூண்டு உலை கொதிக்கிறது. அவள் சாப்பிட்டு முடித்து அணைக்கிறாள். விறகு மிச்சம் என்று அயலில் சொல்லிக்கொள்வார்கள். நோன்பு மாதத்தில் அந்த நெருப்பு மஃரிப் பாங்கு சொல்லி நோன்பு திறக்கும் வரை பொறுத்திருக்கிறது.