அஃப்ஷா ஆர்டர் போட்ட புர்கா

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அஃப்ஷாவுக்கு செக்கிங் வேலை. ஒரு தையல் தாண்டியிருந்தாலும் ஜோடியையே ஓரம் கட்டிவிடுவாள்; தைத்தவர்கள் கெஞ்சினாலும் மசிய மாட்டாள். அப்பேர்ப்பட்டவள்தான் ஃபோனில் புர்கா வாங்கி ஏமாந்தாள்.

மகள் சஹருக்கு வேலூரில் ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் உசாமா, சொந்த வியாபாரம், அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை என்றார் தரகர். ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். ஒரே மகள். போகிற இடத்தில் அவள் ஒரு குறை சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்களா என்று அஃப்ஷாவுக்குக் கவலை. நாமாவது நாலு பேர் மதிக்கிற மாதிரி போவோம் என்றுதான் புது புர்கா தேடினாள்.

அந்த விற்பனைப் பக்கத்தில் கடை விலாசம் இல்லை. எல்லாப் படத்திலும் ஏதோ வெளிநாட்டுப் பெண். பாராட்டியிருந்த அத்தனை பேரும் ஒரே வரியை எழுதியிருந்தார்கள். அஃப்ஷா எல்லாவற்றையும் கவனித்தாள். துணி கனமா என்று கேட்டாள். "இன்ஷா அல்லாஹ் ஆபா" என்று பதில் வந்தது. பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டாள். அதற்கும் "இன்ஷா அல்லாஹ் ஆபா". அல்லாஹ்வின் பேரைச் சொல்லி, அக்கா முறையில் ஆபா என்றும் அழைத்தவனை அதற்குமேல் குடைவது பாவம் என்று பணத்தை அனுப்பிவிட்டாள்.

வந்த புர்காவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சஹர் அந்தத் துணி வழியாகவே செய்தித்தாள் படித்துக் காட்டினாள். புர்காவின் இடது கை வலது கையைவிட நாலு விரல் குட்டை. அஃப்ஷா அனுப்பிய புகார் எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை.

ஞாயிறன்று பழைய புர்காவிலேயே போனாள். கணவர் ஷபீ அஹமது கூடத்தில் ஆண்களோடு உட்கார்ந்தார். பையனின் அம்மா பில்கிஸ் அவளை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். கட்டில் முழுக்கக் கறுப்புத் துணி.

"உசாமாவோட சரக்கு. தப்பா நெனைக்காதீங்க ஆபா. எல்லாம் ஃபோன்லயே வித்துடுது," என்றாள் பில்கிஸ்.

அஃப்ஷாவின் கை பழக்கதோஷத்தில் மேலே கிடந்ததை எடுத்து உட்புறம் திருப்பியது. இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அதே நாலு விரல். ஆனாலும், வியாபாரத்தில் ஒரு மாதிரியும் வீட்டில் ஒரு மாதிரியும் இருக்கிற ஆண்கள் உண்டு என்று பொறுத்துக்கொண்டாள்.

"சரியில்லன்னு யாராவது கேட்டா இன்னா பண்ணுவாரு?"

பில்கிஸுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "சண்டைக்கே போமாட்டான் ஆபா. நம்பர பிளாக் பண்ணிட்டு அவன் வேலையப் பாப்பான். எங்கிட்டயும் அப்படித்தான். ஒரு வார்த்த ஜாஸ்தியா கேட்டுட்டா ஒரு வாரம் மூஞ்சியே பாக்க மாட்டான். தங்கமான புள்ள."

அஃப்ஷா புர்காவை ஒழுங்காக மடித்து வைத்தாள். பிறகு கூடத்துத் திரையை விலக்கி ஷபீ அஹமதைக் கூப்பிட்டாள்.

"கெளம்பலாங்க. நம்ம பொண்ணு கேள்வி கேக்கறவ. இந்த எடம் வேணாம்."