ஒத்துக்கொண்ட குற்றம்

கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கிய சிவராஜ், மூடிக்கிடந்த தங்கச் சுரங்கத்தின் கொட்டகையை ஒட்டிக் குறுக்கே நடந்தார். பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் வேலை. வீட்டுக்கு எப்போதும் அந்த வழிதான். அன்று கொட்டகையில் காப்பர் ஒயர் அறுத்தவர்களைப் போலீஸ் துரத்திக்கொண்டு வந்தது. ஓடியவர்கள் தப்பித்துவிட்டார்கள். நடந்து வந்தவர் மாட்டிக்கொண்டார்.

ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றதும், இலவச சட்ட உதவியில் விநாயக் என்பவரைக் கோர்ட்டே நியமித்தது. ஜெயிலில் சிவராஜ் மாதக்கணக்காக அவருக்காகக் காத்திருந்தார். விநாயக் வரவேயில்லை. சிவராஜ் அவரை முதன்முதலாகப் பார்த்தது கோர்ட் வராந்தாவில், கேஸ் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால்.

"ஒத்துக்கப்பா. உள்ள இருந்த காலத்தையே தண்டனையா வச்சு இன்னிக்கே வுட்டுருவாங்க."

"நான் எடுக்கலையே சார்."

"எடுத்தியா இல்லையான்னு நான் கேட்டேனா? கேஸ் நடத்துனா வருஷக்கணக்கா இழுக்கும். உள்ளயே கிடக்கறியா?"

சிவராஜ் எட்டிப் பார்த்தார். வாசலில் மனைவி சுந்தரி நின்றிருந்தாள். அவள் முகம் ஒடுங்கிப் போயிருந்தது. சரி என்று தலையாட்டினார்.

நீதிபதி கன்னடத்தில் கேட்டார், யாராவது மிரட்டினார்களா என்று. "இல்ல சாமி, நான்தான் எடுத்தேன்" என்றார் சிவராஜ். சுரங்கச் சொத்தைத் திருடுவது அதிகமாகிவிட்டது, இரக்கம் காட்ட முடியாது என்று சொல்லி நீதிபதி இரண்டு வருடம் கொடுத்தார். சிவராஜ் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். விநாயக் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சுந்தரி அவரை வாசலில் மடக்கினாள். "இன்னிக்கே வுட்டுருவாங்கன்னு சொன்னீங்களாமே சார்?"

"ஜட்ஜ் மனசுல இன்னா இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மேல்கோர்ட்டுக்குப் போலாமா?"

"தண்டனையக் கொறைங்கன்னு கேக்கலாம். எடுக்கலைன்னு இனிமே சொல்ல முடியாது. அவரே ஒத்துக்கினாரே!"

மைசூர் மைன்ஸ் பகுதியில் அவர்கள் இருந்த லைன் வீடுகள் முழுக்க அதுவரை சிவராஜ் பக்கம்தான் பேசியது. பக்கத்து வீட்டு ஐடா, சுந்தரி சமைக்காத நாளெல்லாம் சோறு கொண்டுவந்து கொடுத்தவள், இப்போது வாசலிலேயே நின்று கேட்டாள்: "ஜட்ஜ் முன்னாடி அவரே சொன்னாராமே, சுந்தரி?" அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போகும் மகள் அனுப்ரியா, ரயிலில் தெரிந்தவர்கள் இல்லாத பெட்டியாகத் தேடி ஏற ஆரம்பித்தாள்.

எல்லோரும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு சுந்தரிக்கும் தூக்கம் போயிற்று. ஜெயிலில் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் சிவராஜ் ஆவலாக வந்து நின்றார். அனுப்ரியா சாப்பிடுகிறாளா என்று கேட்டார்.

சுந்தரி அதை விட்டுவிட்டுக் கேட்டாள்: "என்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. நெஜமாவே எடுத்தீங்களா?"

சிவராஜ் அவளையே பார்த்தார். கண்ணில் இருந்த ஆவல் மெல்ல வற்றிப்போனது.

"ஆமா" என்றார். "எடுத்தேன். போதுமா?"

பேச இன்னும் நேரம் இருந்தது. சுந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அனுப்ரியா கேட்டாள், "அப்பா இன்னா சொன்னாரு?"

"அவருதான் எடுத்தாராம்" என்றாள் சுந்தரி.

அதற்குப் பிறகு சிவராஜைப் பார்க்க வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.