மேல்சரிவில் மக்காத சண்டை

மேல்சரிவில் அக்காளும் தங்கையும் போட்ட சண்டை ஒன்பது வருஷமாகக் கெடாமல் இருந்தது. போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, அதே சூட்டோடும் மூச்சிரைப்போடும், பைன் மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்தில் நின்றது. அந்தப் பக்கம் யார் போனாலும் காதில் விழும். முதலில் அக்காள், "உனக்கும் உன் மாட்டுக்கும் ஒரே மூளைதாண்டி" என்பாள். உடனே தங்கை, "போடி, நீயெல்லாம் செத்தாக்கூட மக்க மாட்டே" என்பாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கத்துவதால் ஒரு எழவும் புரியாத நீளமான பகுதி ஒன்று வரும். அது முடிந்ததும் மறுபடி மாட்டு மூளையிலிருந்து ஆரம்பிக்கும். தபால்காரர் ஏறும்போது தங்கை பகுதியைத் தானும் கூடவே சொல்லிக்கொண்டு ஏறுவார். அப்படிச் சொன்னால் மூச்சு வாங்குவதில்லையாம். புதிதாகக் கல்யாணமானவர்கள் கைகோத்துக்கொண்டு வந்து கேட்டுவிட்டு, நாம இப்படியெல்லாம் பேசிக்கக் கூடாது என்று சத்தியம் பண்ணிவிட்டு, இறங்கும் வழியிலேயே யார் முதலில் சொன்னது என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டைகளும் கெடாமல் ஆங்காங்கே நிற்கத்தான் செய்தன. ஆனால் பழைய சண்டையின் தரம் அவற்றுக்கு இல்லை என்பது ஊரின் பொதுவான அபிப்பிராயம்.

காரணம் மண்தான். அக்காள் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், ஊரில் அவளுக்கு மண்ணக்கா என்று பெயர். தங்கை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். மேல்சரிவு முழுக்க முன்பு புல்வெளி, தங்கையின் மாடுகள் மேய்ந்த இடம். அங்கே பைன் நடலாமா, மண்ணுக்கு ஏதும் ஆகுமா என்று மேலதிகாரிகள் கேட்டபோது, மண்ணக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். நட்டார்கள், வேலி போட்டார்கள். வேலி போட்ட அன்றைக்குத்தான் சண்டை. அது மக்குவதற்குள் மரம் மளமளவென்று வளர்ந்து ஊசி ஊசியாக இலை கொட்டியது, மண் புளித்துப் போனது. புல்வேரோடு ஒட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டு, செத்ததைத் தின்று உயிரோடு இருப்பதற்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எல்லாம், இனி இங்கே நமக்கு என்ன வேலை என்று ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டன. புதிதாக வந்தவை பைனுக்கே வாழ்க்கைப்பட்ட பூஞ்சைகள். மரத்துக்கு ஊழியம் செய்யுமே தவிர, செத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காத மகராசிகள். ஆக, அங்கே எதுவும் மக்கவில்லை. கடித்துப் போட்ட ஆப்பிள் கடித்தபடி வெள்ளையாகக் கிடந்தது. என்றோ செத்துப்போன ஒரு அணில், யாரோ கூப்பிட்டதைப் போலத் தலையைத் திருப்பியபடி, பளபளவென்று இருந்தது. மின்சாரம் போனால் பக்கத்து வீடுகளில் பாலையும் காய்கறியையும் கொண்டுபோய்ச் சரிவில் வைத்துவிட்டு வருவார்கள். எடுக்கப் போகும்போது குழந்தைகள் கூட வந்தால், திட்டு விழாமல் இருக்க அவர்கள் காதில் பஞ்சு வைத்துவிடுவார்கள்.

மண் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்க அந்தத் தொழிலில் ஒரு சுலபமான வழி உண்டு. டீத்தூள் பையை எடை போட்டுப் புதைத்து, ஒரு பருவம் கழித்துத் தோண்டி மறுபடி எடை பார்ப்பார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மண் தின்றிருக்கிறது என்று அர்த்தம். மண்ணக்கா புதைத்த பைகள் எடுத்தபோது துளிகூடக் குறையவில்லை. அவள் புருஷன், பஸ் ஓட்டிக் களைத்து வந்த மனுஷன், சமையல் மேடையில் கிடந்ததை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் குடித்துவிட்டு, "இந்தத் தடவை வாங்கினது நல்ல தூள்" என்றார்.

டீத்தூள் பையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மண்ணக்கா தினமும் சாயங்காலம் மேல்சரிவுக்குப் போவாள். புதைத்த பையைத் தினமும் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? ஊரில் இதை நம்பிய ஒரே ஆள் அவள்தான். போய்ச் சண்டைக்கு நடுவே நிற்பாள். தன் குரல் வரும்போது காதைப் பொத்திக்கொள்வாள், தங்கை குரல் வரும்போது கையை எடுப்பாள். கடைத்தெருவில் எதிரே வந்தால் அந்தத் தங்கை இவளைப் பார்க்காமல், வாழ்க்கையில் உருளைக்கிழங்கையே கண்டிராதவள் மாதிரி உருளைக்கிழங்கைப் பார்ப்பாள். ஒன்பது வருஷத்தில் மண்ணக்காவுக்குக் கிடைத்த தங்கை குரல் அந்தத் திட்டு ஒன்றுதான். பாவம், அதையாவது கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரிவின் மேல்வேலிக்கும் கீழ்வேலிக்கும் பக்கத்தில் மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டி ஒவ்வொன்று வைத்திருந்தாள். யார் உள்ளே வந்தாலும் செருப்பை அதில் முக்க வேண்டும், ஓரிடத்து மண் இன்னோரிடத்தில் கலந்தால் பரிசோதனை கெட்டுவிடும் என்று சட்டம். மேலதிகாரியே வந்தாலும் விடமாட்டாள். மேல்வேலிக்கு அந்தப் பக்கம்தான் தங்கையின் மாட்டுக்கொட்டகை, அதைச் சுற்றிப் பழைய புல்வெளியில் மிச்சமிருந்த ஒரு துண்டு. இதில் மண்ணக்காவுக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அக்காளும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசாத அந்த ஒன்பது வருஷமும் அவர்கள் புருஷன்மார், அதாவது சகலைகள் இரண்டு பேரும், வாராவாரம் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குக் காற்றடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் கிளம்புவார். அத்தனை காற்றுக்கு அந்த பஸ் பறந்திருக்க வேண்டும். ஆனாலும் பெண்டாட்டிக்குப் பயந்த மனுஷன், திரும்பும்போது மறக்காமல் செருப்பை முக்கிவிட்டுத்தான் சரிவில் இறங்குவார்.

ஒரு மழை நாளில் மாடு ஒன்று மேல்தொட்டியை முட்டிக் கவிழ்த்துவிட்டது. ஓட்டுநர் தொட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், புல்வெளி மண் ஒட்டிய செருப்பை முக்காமலே ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். அடுத்த வாரமே மேல்சரிவில், பைன் ஊசிகளைத் துளைத்துக்கொண்டு, செருப்பு வடிவத்தில் பச்சைப் பசேலென்று புல் முளைத்தது. இடது, வலது, இடது, வலது என்று கொட்டகையில் புறப்பட்டு, சரிவைக் குறுக்கே கடந்து, வீட்டுச் சமையலறைக் கதவுவரை வந்து நின்றது. வலது தடங்களில் மட்டும் குதிகால் இருக்கும் இடம் சப்பையாக இருந்தது. வருஷக்கணக்காக பஸ்ஸை மிதித்து வலது குதிகால் தேய்ந்த செருப்பு அந்த ஊரில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

"எவ்வளவு நாளா நடக்குது இது?" என்றாள் மண்ணக்கா.

"எது?"

"அங்க போறது."

"சகலை தனியா ஆடறார்னு..." என்று இழுத்தார் அவர். விழப்போகிற அடிக்குத் தோளைத் தயார் பண்ணிக்கொண்டு நின்றார். ஆனால் அவள் கேட்டது வேறு.

"என்னைப் பத்தி ஏதாவது கேப்பாளா?"

"முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேப்பா. ஒவ்வொரு தடவையும் கேப்பா."

மண்ணக்கா முழங்காலைத் தடவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

புல் தடங்கள் அகலமாகி ஒன்றோடொன்று கைகோத்தன. ஆப்பிள் கறுத்தது, அணில் ஒருவழியாகக் கண்மூடியது, டீத்தூள் பைகள் இளைத்தன. சண்டையிலும் ஓட்டை விழ ஆரம்பித்தது. இலை தழை மாதிரி லேசான சொற்கள் முதலில் மக்கின. 'டி'யெல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டது. அப்புறம் மூளை போயிற்று. அது அங்கே இருந்ததே அதிகம் என்றார் தபால்காரர். கட்டை மாதிரியான சொற்கள் நாள் எடுத்துக்கொண்டன. நிலையத்தில் எல்லாரும் மண் திரும்பிவிட்டது என்று மண்ணக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவளோ ஒரு சாயங்காலம் வாளி நிறைய மருந்துத் தண்ணீரோடு போய், அந்தப் புல் தடங்களின் மேல் வாளியை ஓங்கியபடி நின்றாள். மண் படித்தவள் செய்கிற காரியமா அது!

பின்னாலேயே வந்த ஓட்டுநர் வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"அவ குரல் போயிடும்" என்று சொன்னவள் குழந்தை மாதிரி அழுதாள்.

"குரலுக்குச் சொந்தக்காரி அதோ மேலதானே இருக்கா? ஏறினா வந்துட்டுப் போகுது."

"நானா போகணுமா?"

அவர் வாளியை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

பிறகு ஒரு நாள், வெளிச்சம் குறைகிற நேரத்தில், மிச்சமிருந்த 'செத்தாக்கூட' என்பதும் மக்கிப் போனது. அதன் பிறகு வந்த கூச்சலும் நைந்து உதிர்ந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மேல்சரிவில் சத்தமே இல்லை. எல்லாம் போச்சு என்று மண்ணக்கா திரும்பியபோது, தரையை ஒட்டினாற்போல, அவ்வளவு கத்தலுக்கும் அடியில் இத்தனை வருஷம் அமுங்கிக் கிடந்த ஒன்று கேட்டது. சண்டை முடிந்து இவள் விறுவிறுவென்று இறங்கிப் போனபோது முதுகுக்குப் பின்னால் சொல்லப்பட்டது, தன் கத்தலில் இவள் காதில் விழாமல் போனது.

"இருட்டுது. பாத்துப் போக்கா."

மண்ணக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். மேல்வேலியில் தொட்டி இருந்தது, தண்ணீரும் இருந்தது. தன் சட்டத்தைத் தானே மீறி அதைத் தாண்டிப் போனாள். கொட்டகையில் தங்கை பால் கறந்துகொண்டிருந்தாள். வந்தது யார் என்று நடை சத்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், அவள் திரும்பவில்லை.

"செருப்பக் கழுவினியா?"

"இல்ல."

"அப்ப உள்ள வா."

அன்றைக்கு அவர்கள் என்ன பேசினார்கள் என்பது ஊருக்குத் தெரியாது. அங்கே மண் நன்றாக இருந்ததால் எதுவும் நிற்கவில்லை. பாத்துப் போகச் சொன்னது நான் இல்லவே இல்லை, என் வாயில் அப்படியெல்லாம் வராது என்று தங்கை இன்றுவரை சாதிக்கிறாள். வேலியைப் பிரித்துவிட்டார்கள், பைன்களுக்கு நடுவே புல் பரவி, மாடுகள் மேய்கின்றன. இப்போது மேல்சரிவில் எதைப் போட்டாலும் ஒரே பருவத்தில் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் மக்கவில்லை. மண்ணக்கா அதன் அடியில் சாணி போட்டுப் பார்த்தாள், மண் கிளறிப் பார்த்தாள், கடைசியில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். தபால்காரர் இறங்கும்போது "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறார். அங்கே படிக்கட்டு கட்டி விளக்கு போட வைத்திருந்த திட்டத்தையும் கைவிட்டுவிட்டார்கள். இருட்டில் அந்தச் சரிவில் இப்போது யாரும் விழுவதில்லை.